மலரக்கா விட்ட துளை

புதன்கிழமை காலை. வவுனியாவில் எங்கள் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயன் அப்போதுதான் சூடேறியிருந்தது. மலரக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மாவுக்கு நெஞ்சு நோகுதெண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனனாங்கள். வழியிலயே..." மிச்சத்தை அவளால் சொல்ல முடியவில்லை. அயனை எங்கே வைத்தேன் என்றே தெரியாது. மேசையில் ஒரு கருந்தழும்பு விழுந்துவிட்டது. மலரக்கா இருந்திருந்தால் அதற்காக ஒரு கிழமை, ஏழு நாளும், என்னை வறுத்தெடுத்திருப்பார்.

அவருடைய ஊரான நெடுங்கேணியில் அவரை அறிந்த பலருக்கு அவர் 'வவுனியாவில லைட் செய்யிற மலர்'. அந்த வேலை என்னவென்று இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கே தெரியும். அதைச் சொல்லும்போது என்னைப் பற்றிய ஒரு விடயத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

காட்டோர வயல்களில் யானைக் காவலுக்கு நாங்கள் செய்யும் லைட்டுக்குள் இருப்பது கடலைப் பருப்பளவு எல்இடி. அளவில்தான் சிறிது, பொல்லாத சூடு காணும். மின்சுற்றுப் போர்டில் அது உட்காரும் செப்புத் தடத்தைப் புட்பிரின்ட் என்போம். இரு ஓரத்திலும் மின்சாரத்துக்குச் சின்னத் தடங்கள், நடுவில் சூட்டை இறக்கிவிடப் பெரிய தடம். அதைக் கணினியில் வரைந்து, போர்ட் செய்பவர்களுக்கு அனுப்பவேண்டும். வரைவதில் ஒரு மயிரிழை பிசகினாலும் வந்திறங்கும் போர்ட் அத்தனையும் குப்பைதான்.

மலரக்கா எங்களிடம் வந்தது ஈயம் பற்றவைக்கும் வேலைக்கு. அதற்கு முன் உடுப்புத் தொழிற்சாலையொன்றில் அளவுக் கடதாசி வெட்டியவர். நான் பொறியியல் படித்தவன். அந்தக் கொழுப்பும் என்னிடம் தாராளமாக இருந்தது. வந்த இரண்டாம் மாதம், நான் வரைந்த புட்பிரின்டை உள்ள அளவிலேயே கடதாசியில் அச்சடித்து, அதன்மேல் ஒரு எல்இடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவருக்கு நீங்கள் சட்டையை முன்பின் மாத்தியெல்லோ தைச்சிருக்கிறியள்."

அவர் சொன்னது சரி. கீழிருந்து பார்க்கும் படத்தை மேலிருந்து பார்ப்பதாக எண்ணி, பிளஸ் வரவேண்டிய இடத்தில் மைனஸை வரைந்திருந்தேன். அன்றே வரைகிற வேலையை அவர் கையில் கொடுத்தேன். ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக வரைந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தம்பி என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் மட்டும் மரியாதையாக 'சேர்'. அந்தச் சொல் கேட்டாலே என்ன பிழை விட்டேன் என்று தேடத் தொடங்குவேன்.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒரு துளையால். எல்இடி செய்யும் கம்பனி கொடுக்கிற படத்தில் தடங்கள் எல்இடிக்கு அடியிலேயே முடிந்துவிடும். மலரக்கா ஓரத் தடங்களை வெளியே வால்போல நீட்டிவிட்டார். நடுத்தடத்தில் ஒரு துளையும் வைத்தார். எல்இடி செத்துப்போனால், ஓரத்து ஈயத்தை வால்களில் அயனை வைத்தும், நடு ஈயத்தைப் போர்டின் பின்பக்கமிருந்து அந்தத் துளைக்குள் அயன் நுனியை விட்டும் உருக்கி, போர்டுக்குச் சேதமில்லாமல் கழற்றலாம். "தைக்கேக்க உள்ளுக்குத் துணி விடுறேல்லையோ? பிறகு ஆரோ ஒராள் பிரிச்சுத் தைக்கத்தானே," என்றார்.

நான் விடவில்லை. துளையால் ஈயம் வழிந்தோடும், அடியில் காற்று நிற்கும், சூடு இறங்காது, எல்இடி சீக்கிரம் சாகும் என்றேன். அதிலும் பிழையில்லை. மகளின் கல்யாணத்துக்காக அவர் இரண்டு கிழமை லீவில் நின்றபோது, துளையையும் வால்களையும் அழித்துவிட்டுப் படத்தை அனுப்பினேன். போர்ட் வந்தது. அளந்து பார்த்தேன், சூடு ஐந்தாறு பாகை குறைவாக இருந்தது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் பிறகு சொல்லலாம் என்று விட்டு, அந்த லைட்டுகளை நானே ஒட்டி அனுப்பினேன்.

அந்த நெல் போகத்திலேயே, மலரக்கா பட்டறையில் இல்லாத ஒரு நாள், அவருடைய ஊர்க்காரரான இராசு அண்ணை கருகிய லைட்டோடு வந்தார். எல்இடி செத்ததும், தன் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், மல்லாவியில் யோகன் என்ற திருத்துகாரரிடம் அதைக் கொடுத்திருக்கிறார். யோகன் கழற்றப் பார்த்ததில் செப்புத் தடம் கூடவே பிய்ந்து வந்துவிட்டது. லைட் இல்லாத நாட்களில் யானை இறங்கி அரை ஏக்கர் நெல்லை உழக்கிவிட்டது.

"மல்லாவியான் கெடுத்துப்போட்டான் தம்பி," என்றார்.

போர்டைப் பார்த்தேன். துளை இருந்திருந்தால் தடம் பிய்ந்திருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, "கண்டவையிட்டையும் குடுக்கக்கூடாது அண்ணை," என்று சொல்லிப் புது லைட் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அந்தப் போர்ட் மேசையில் கிடந்தது. மலரக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இராசு அண்ணை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த கதையும் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"துளையை எடுத்தது நீங்கள். பழி யோகனுக்கோ, சேர்?"

நான் அயன் நுனியைத் துடைக்கத் தொடங்கினேன். "அந்த மனுசனிட்டைச் சொல்ல எப்ப மல்லாவிக்குப் போறியள்?" என்று கேட்டார். வாற கிழமை என்றேன்.

அன்று பின்னேரமே அவர் துளையையும் வால்களையும் திரும்ப வைத்தார். ஆனால் நான் அளந்த சூட்டுக் கணக்கையும் தூக்கி எறியவில்லை. துளையைச் சிறிதாக்கி, எல்இடி ஒட்டியபின் பின்பக்கமிருந்து ஈயத்தால் அடைத்துவிடலாம் என்றார். சூடும் இறங்கியது, கழற்றவும் வழியிருந்தது. ஒவ்வொரு லைட்டுக்குள்ளும் எப்படிக் கழற்றுவது என்று படம் வரைந்த துண்டொன்றையும், தன் தொலைபேசி இலக்கத்தையும் வைத்தார்.

வாற கிழமை வந்தது, போனது. சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். "நீங்களே சொல்லிவிடுங்கோவன்," என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "நான் சொன்னா அது கோள். நீங்கள்தான் சொல்லோணும்," என்றார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். மறந்துவிட்டார் என்று நான் ஆறுதல்பட்டேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு! இராசு அண்ணையோ அவர் வீட்டிலிருந்து நாலாவது வீடு. மூன்று வருடமாக, தினமும் முகம் பார்க்கிற மனுசனிடம் என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

செத்தவீட்டில் பந்தலோரம் நின்றபோது ஒருவர் என்னிடம் வந்தார். "நீங்கள் அவவோட வேலை செய்தனீங்களோ? நான் மல்லாவி யோகன். அவவை நேரில கண்டதில்லை. அந்தத் துண்டில இருந்த நம்பருக்கு எடுத்துக் கதைக்கிறனான். எங்களைப்போல ஆக்களையும் நினைச்சு ஒராள் போர்ட் கீறியிருக்கிறா. முகத்தை ஒருக்காப் பாக்க வந்தனான்."

"யோகன், இராசு அண்ணையின்ர லைட்..." என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"என்ர கைதான் பிழையெண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு கொஞ்சநாள் ஆரின்ர சாமானையும் தொடப் பயம். அவவும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே," என்றார். பிறகு பந்தலுக்குள் பார்த்தார். "அந்தா இராசு அண்ணை இருக்கிறார். அவருக்கும் சொல்லுவீங்களோ?"

நடுப் பந்தலில் ஊர்ப் பெரியவர்களோடு இராசு அண்ணை ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். போனேன். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் அந்த மனுசனை எவ்வளவு ஏசிப்போட்டன்."

மலரக்காவின் பெயரில் பட்டறைக் கணினியில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் கிடக்கின்றன. அவை பட்டறைக்கு உரியவை. எனக்கென்று அவர் விட்டுப்போனது, பந்தலோரத்திலிருந்து இராசு அண்ணையின் கதிரை வரைக்குமான அந்தப் பத்துப் பதினைந்து அடிதான். அவர் உயிரோடு இருக்கும்போதே அதை நடந்திருக்கவேண்டும். என்னை அப்படிக் கேட்ட பிறகு இராசு அண்ணை பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் தோள் துவாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற யோகனை அந்தக் கதிரைக்குக் கைகாட்டிக் கூப்பிட்டார்.