சோதனைக்கு அப்பாவின் நம்பர்

அப்பாவும் நானும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலம் அது. அவர் வாக்குக் கொடுத்திருந்த வரனை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, பெருநகர் என்ற எங்கள் கிராமத்து வீட்டில் எல்லாச் சேதியும் அம்மா வழியாகவே போய் வந்தது. பகல் முழுக்க நடு அறையில் வேலை பார்த்தேன். மற்றவர்களோடு நான் பேசியது ஹெட்செட்டில் மட்டும்தான்.

அப்போதைய வேலை, பம்ப் மோட்டார் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு. அவர்களிடம் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று, விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் தானாகவே கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கும். இன்னொன்று, விற்பனை ஆட்கள் பார்க்கும் வாடிக்கையாளர் பதிவேடு, கிளவுடில் இருக்கும் சி.ஆர்.எம். முதலாவதில் வரும் பதில் அந்த நொடியே இரண்டாவதில் தெரிய வேண்டும். அதுவரை யாரோ ஒருவர் தினமும் ஃபைலை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். விற்பனை ஆள் போன் செய்வதற்குள் விவசாயி உத்திரமேரூர் போய் வேறு மோட்டார் வாங்கி மாட்டியிருப்பார்.

இரண்டையும் இணைக்கும் நிரலை எழுதி முடித்ததும், எங்கெங்கே தவறலாம் என்று வழக்கம்போல வரிசையாக யோசித்தேன். நம்பருக்கு முன்னால் நாட்டுக் குறியீடு விடுபடலாம். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதையலாம். ஒரே பதில் இரண்டு முறை ஏறலாம். சோதித்துப் பார்க்க ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நம்பர் வேண்டும். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். மிச்சம் அப்பா.

"நீயே போய் சொல்லேன்டி. வெளியதான குந்திகினு கீறாரு," என்றாள் அம்மா. "தூது போயி தூது போயி என் காலே தேஞ்சிபூட்ச்சி."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்குப் போனாள்.

"யோவ், உன் போனுக்கு மெசேஜ் வருமாம். அது கேக்கறதுக்கு பட்டன அமுக்கணுமாம்."

"இன்னாத்துக்கு? லோனு கீனு மாட்டிவுட்டுடப் போறா."

"ஆமா, உன் சொத்த எழுதி வாங்கிக்கத்தான். அமுக்குயா."

முதல் கேள்வியை அனுப்பினேன். வாசலில் போன் ஒலித்தது. சற்று நேரத்தில் என் திரையில் ஒரு வரி கூடியது. நாட்டுக் குறியீடு இருந்தது. கிணறா, போர்வெல்லா? போர்வெல். என்ன பயிர்? நெல். எழுத்து சிதையவில்லை, எதுவும் இரண்டு முறை ஏறவில்லை. நான் கேட்டு அவர் பதில் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது.

அடுத்த கேள்வி: நிலத்தை நீங்களே பயிர் செய்கிறீர்களா, குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா? போன் ஒலித்தது. பதில் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. பிறகு வந்தது: குத்தகைக்கு விட்டுள்ளேன்.

பட்டன் மாறிவிட்டது என்று நினைத்தேன். மானாம்பதி சாலையில் இருக்கும் எங்கள் நிலத்தில் அப்பாவைத் தவிர வேறு யாரும் பயிர் வைத்து நான் பார்த்ததில்லை. குத்தகைக்கு விட்டவர் மோட்டார் வாங்கமாட்டார், அவர் பதிவை மூடிவிடலாம் என்ற விதியை எழுதியவள் நான். அப்பாவின் வரி சாம்பல் நிறமானது.

"சூப்பர், எல்லாம் லைவா வருது," என்றார் மோட்டார் நிறுவனத்து ஆள் ஹெட்செட்டில். நன்றி சொல்லி அதைக் கழற்றி வைத்தேன்.

"நைனா தப்பா அமுக்கிட்டாரு போலக்கீது," என்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தப்பெல்லாம் இல்ல. போன வாரமே பேசி முடிச்சிட்டாரு. முட்டி வலி, சேத்துல எறங்க முடில. தெருவுக்கே தெரியும்."

"என் கைல சொல்லவே இல்லியே?"

"நீ அவரு கைல எதனா கேட்டியா?"

வெளியே போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில், போனைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்தபடி, அப்பா அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

"நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டியா நைனா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. போனைத்தான் லேசாக உயர்த்திக் காட்டினார். "இது கேட்டுது. சொன்னேன்."

நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "எத்தினி வருஷத்துக்கு?"

"மூணு."

முட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. உள்ளே லேப்டாப்பில் அழைப்பு ஒலிக்க ஆரம்பித்தது.

"போ," என்றார் அப்பா. "உன்னத்தான் கூப்புடறாங்க."