சிரிப்பை அளந்த வெர்னா

ஒரே மாலையில் ஒரு கோடிப் பேரைச் சிரிக்கவைத்தவள் வெர்னா டல்லி. சரி, ஒரு கோடி என்பது கொஞ்சம் அதிகம்தான். கொட்டகை வாசலில் பொரி விற்றவர்களையும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது. ஆனால் சிரித்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தாங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது தெரியாது. அதில் மிகை ஏதுமில்லை.

வெர்னாவுக்கு ஹாலிவுட்டில் ஒரு விசித்திரமான உத்தியோகம். புதுப் படம் வெளியாகுமுன் அதைக் கிளெண்டேல், பொமோனா என்று பக்கத்து ஊர்க் கொட்டகைகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். வெர்னா கடைசி வரிசையில் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்து, எந்த வசனத்துக்கு ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளப்பாள். படத்தொகுப்பு அறையில் அவளுடைய தோழி ஐடா கஸ்பாரியன் அந்த அளவுக்கு இடைவெளி விட்டுப் படத்தை வெட்டி ஒட்டுவாள். இல்லாவிட்டால் ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்த வசனம் அதில் மூழ்கிப்போகும்.

புருஷன் ராஸ்கோ டல்லி அதே ஸ்டுடியோவில் கதாசிரியன். அப்போது விவாகரத்துப் படங்களுக்குத்தான் கூட்டம். பஞ்ச காலம், ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஜனங்களுக்கு, பட்டு உடுத்தியவர்கள் தட்டை எறிந்து சண்டை போடுவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. திரையில் கள்ளக்காதலைக் காட்டத் தடை இருந்தது. கட்டினவளையே விவாகரத்து செய்துவிட்டு, பிறகு அவளையே துரத்தினால் தடையில்லை. ராஸ்கோ இதை வைத்தே பிழைத்தான். முதலில் சண்டை, நடுவில் கோர்ட்டு, கடைசியில் கடிகாரம் பன்னிரண்டு அடித்து விவாகரத்து முடிவதற்கு ஒரு நொடி முன்னால் கதவு திறக்கும். ஓடிப்போனவன் வந்து நிற்பான். எல்லாப் படத்திலும் அதே கடிகாரம், அதே கதவு.

சண்டைக்கான வசனம் மட்டும் அவனுக்கு வராது. அதற்குத்தான் வீட்டில் வெர்னா இருந்தாளே.

"இந்தச் சூப்புல உப்பே இல்ல."

"உன்னைக் கட்டின நாள்ல இருந்து அழுது அழுது வீட்டுல இருந்த உப்பெல்லாம் தீந்துபோச்சு."

"நான் வீட்டுக்கு வந்தா நாய்கூடத் திரும்பிப் பாக்கறதில்ல."

"நம்மகிட்ட நாயே இல்லையே, ராஸ்கோ."

"அதைத்தான் சொல்றேன்."

"எனக்கும் அதே வருத்தம்தான். உன்னைக் கட்டினதுக்குப் பதிலா ஒண்ணு வாங்கியிருக்கலாம்."

அவன் கை அப்போதே பென்சிலைத் தேடும். சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் குறித்துக்கொள்வான். அந்தச் சட்டையைத் துவைப்பதும் வெர்னாதான். தன் சொல்லைத் தானே சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகு பொமோனாவில் உட்கார்ந்து, தான் வயிறெரிந்து சொன்னதற்கு ஊரார் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்து எழுதுவாள்.

அந்த வசனங்களைத் திரையில் பேசியவள் டெல்ஃபின் மார். கழுத்து அன்னம், தலைக்குள் அன்னத்துக்குள்ள மூளை. பெண்டாட்டியின் சொல் அந்த வாயிலிருந்து வருவதைத் தினமும் பார்த்துப் பார்த்து ராஸ்கோ விழுந்துவிட்டான். மறைக்கவும் இல்லை.

"நீ சொன்னா சண்டையா இருக்கு, வெர்னா. அவ சொன்னா பாட்டா இருக்கு."

கலிஃபோர்னியாவில் விவாகரத்துக்குக் கொடுமை என்று ஏதாவது ஒரு காரணம் காட்டவேண்டும். மரியாதைக்காகப் பெண்டாட்டிதான் வழக்குப் போடுவாள்; கொடுமையைக் கண்ணால் பார்த்ததாக ஒரு சாட்சியும் வேண்டும். வெர்னா சொல்லவேண்டியதை ராஸ்கோவே எழுதிக் கொடுத்தான். சாட்சி ஐடா, அவளுக்கும் அவனே எழுதினான். "எம்புருஷன் என் சமையலை நாய்க்குப் போட்டாரு, நாய் அடுத்த வீட்டுக்குக் குடிபோயிடுச்சு" என்று வெர்னா கூண்டில் நின்று சொன்னபோது கோர்ட்டே குலுங்கியது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வெர்னாவின் விரல், அவளையறியாமல், பையிலிருந்த ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது.

விவாகரத்து முழுதாக முடிய ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும். அதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்ந்துவிட்டால் தீர்ப்பு செல்லாது. இந்த ஒரு வருஷத்தை நம்பித்தான் வெர்னா உயிர் பிழைத்துக் கிடந்தாள். மிட்டாய்க்கடைக்காரன் மிட்டாய் தின்னமாட்டான் என்பார்கள். வெர்னா தின்றாள். கதவு திறக்கும், அவன் வந்து நிற்பான் என்று நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தானே! சாப்பிட்டான், சண்டை இழுத்தான், சிரித்தான், பொழுது சாயுமுன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அடுத்த வீட்டு ஐடாவுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, அவன் உன்னைப் பாக்க வரலடி. உன் வாயைப் பாக்க வரான். அவன் மணிக்கட்டைக் கவனிச்சியா?"

"வாய் என்கிட்டதானே இருக்கு? அது வேணும்னா நானும்தான் வேணும்" என்றாள் வெர்னா.

வருஷத்தின் கடைசி நாளில் மாட்டுக்கறியை அடுப்பில் வைத்து, எலுமிச்சை கேக் சுட்டு, நீல கவுனை உடுத்தி, இரண்டு தட்டு வைத்தாள். தொலைபேசி அடித்தது.

"வெர்னா, ஒரு உதவி. கடைசிக் காட்சி உதைக்குது. பொண்டாட்டி மேஜையெல்லாம் போட்டுட்டு உக்காந்திருக்கா. அவன் வரல. போன்தான் வருது. அவ என்ன சொல்லுவா?"

வெர்னா மேஜையைப் பார்த்தாள். "'பரவாயில்ல, கறிக்கும் உன்னை மாதிரியே ஆறிப்போகத் தெரியும்'னு சொல்லுவா."

மறுமுனையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு பாட்டு மாதிரி இருந்தது.

"பிரமாதம்!" என்றான் ராஸ்கோ. வைத்துவிட்டான்.

மறுநாள் அவனும் டெல்ஃபினும், கேட்டவுடன் கல்யாணம் செய்துவைக்கும் பக்கத்து மாநிலத்து யூமாவுக்குப் பறந்துபோய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். படம் பத்திரிகையில் வந்தது. வெர்னா அந்தப் பத்திரிகையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக் கொட்டினாள்.

ஸ்டுடியோவில் தன் பழைய பெயருக்கு மாறவேண்டும், அதற்கு அத்தாட்சி வேண்டும் என்று பிறகொரு நாள் கோர்ட்டுக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா கட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இது இன்னும் முடியலையேம்மா. யாரும் வந்து கேக்கலையே?"

"என்ன கேக்கணும்? ஒரு வருஷம்தான் ஆயிடுச்சே."

"வருஷம் ஆயிட்டா தானா முடிஞ்சுடுமா? ரெண்டு பேர்ல யாராவது வந்து கேட்டாத்தான் நீதிபதி முடிச்சு வெப்பாரு."

"அப்போ கடிகாரம் பன்னிரண்டு அடிச்சா?"

"பன்னிரண்டு அடிச்சா நாங்க சாப்பிடப் போவோம்."

இத்தனை படத்தில் எழுதி எழுதி, தன் கடிகாரத்தைத் தானே நம்பிவிட்டான் அந்த மகாராஜன் ராஸ்கோ. "இப்பவே கேட்டுட்டுப் போறீங்களா?" என்றார் குமாஸ்தா.

"அவசரமில்ல" என்றாள் வெர்னா. அந்த வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

அடுத்த ஞாயிறு, மலைமேல் டெல்ஃபினின் வீட்டில் மத்தியான விருந்து. வெர்னா நீல கவுனில் போய் நின்றாள்.

"கவலைப்படாதே ராஸ்கோ, நான் இருந்து சாப்பிடப் போறதில்ல. எம்புருஷனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்." குமாஸ்தா சொன்னதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

ராஸ்கோ விழுந்து விழுந்து சிரித்தான். "இது நல்லாருக்கே!" பென்சில் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பாதி எழுதியபிறகுதான், வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான். ஸ்டுடியோ வக்கீல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் டல்லி, ரெண்டு பொண்டாட்டி கட்டினவனுக்கு இந்த ஊர்ல ஜெயில். இப்பக் கோர்ட்டுக்குப் போய் முடிச்சுக் கேட்டா விஷயம் வெளிய வந்துடும். பத்திரிகைக்காரன் மோப்பம் பிடிக்கிறதுக்குள்ள பழைய வீட்டுக்குப் போங்க. சமாதானமாயிட்டோம்னு சொல்லுங்க. யூமாவுல நடந்தது விளம்பரத்துக்காக நடிச்சதுன்னு நான் சொல்லிக்கறேன்."

"டெல்ஃபின்..." என்றான் ராஸ்கோ.

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுக்க ஆளில்லை, சும்மா நின்றாள். பின்னால் அந்த வக்கீலையே கட்டிக்கொண்டாள்.

ஆக, கதவு திறந்தது. ராஸ்கோ பெட்டியோடு வந்து நின்றான். காலையில் வெர்னா அவனுக்குக் காப்பி ஊற்றும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. புயல் அடங்கியதும் விவாகரத்தை முடித்துவைக்கச் சொல்லி அவன் கோர்ட்டுக்கு ஓடினான். நீதிபதி அந்தப் படத்தைக் காட்டினார். சேர்ந்து வாழ்ந்தாயிற்று, பழைய தீர்ப்பு செத்தது. வேண்டுமானால் புதிதாக வழக்குப் போடு.

"போடு வெர்னா" என்று கெஞ்சினான்.

"என்ன காரணம் சொல்ல? நீ தங்கமாச்சே."

அவனே போடலாம். ஆனால் பெண்டாட்டி கொடுமை செய்தாள் என்று காட்டவேண்டுமே! கடுஞ்சொல் ஒன்று வேண்டும். வழக்குக்கும் அதுதான் வேண்டும், பிழைப்புக்கும் அதுதான் வேண்டும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

"இந்தச் சூப்புல உப்பே இல்ல."

"சரி, போடறேன்."

"இப்ப உப்பு ஜாஸ்தி."

"சரி, வேற வெக்கறேன்."

"உங்கம்மா மூஞ்சி கழுதை மூஞ்சி!"

"சரி."

அவன் தட்டை எறிந்தான். வெர்னா பெருக்கி அள்ளினாள். அவன் சட்டையின் மணிக்கட்டுப் பட்டிகள் எழுத்தில்லாமல் வெளுத்தே கிடந்தன. அடுத்த கதையைப் படித்த ஸ்டுடியோக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்ததை யாரும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே பாத்திரம் உருண்டால்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு, அப்படியே கிழவனாகி அவன் செத்தான். அதுவரை அந்த வீட்டில் வெர்னா ஒரு வேடிக்கை வார்த்தை பேசவில்லை. அவள் நாக்கே செத்துவிட்டது.

நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கிழவி ஐடா இங்கே குறுக்கே விழுந்தாள்.

"நாக்கு செத்துச்சா? எவ சொன்னா? தினம் சாயங்காலம் என் அடுப்பங்கரைக்கு வந்துடுவா. வந்ததும் அவன் மரத்தடியில உக்காந்திருக்கற பக்கத்து ஜன்னலைத் திறந்து விடுவா. சொல்றதையெல்லாம் என் காதுக்குள்ள சொல்லுவா. சிரிக்கிறதை மட்டும் சத்தமாச் சிரிக்கச் சொல்லுவா."