சாய்தளத்துக்கு வைத்த கல்

"அட்வென்ட் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சாய்தளத்துக்கு அடிக்கல். பேராயர் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். மழை இல்லை."

கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முந்தைய அந்த ஞாயிறன்று என் நாட்குறிப்பில் இவ்வளவுதான். எங்கள் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் நடப்பதையெல்லாம் தேதிவாரியாக எழுதிவைப்பது நூலகப் பணிக்கு வெளியே எனக்குள்ள பழக்கம். அந்த வரிகளை இப்போது படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

சாய்தளம் ஒரு மாணவிக்காக. எம்.ஏ. இறுதியாண்டு, சக்கர நாற்காலியில் வருபவள், பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் கீழ்க்குரல் பாடுபவள். ஞாயிறுதோறும் விடுதிப் பையன்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படியேற்றுவார்கள். "பல்லக்குல போற மாதிரி இருக்கு சார். ஒரு தடவையாவது நானே உருட்டிக்கிட்டு உள்ள போகணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். ஏப்ரலில் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விடுவாள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்வதை இதற்கே ஒதுக்குவது என்று முடிவாயிற்று. எங்கள் ஏலத்தில், காணிக்கையாக வந்த காயை எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காசைக் கொடுத்துவிட்டுக் காயை ஆலயத்துக்கே திருப்பித் தருவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அன்று ஒரே பூசணிக்காய் துறை துறையாகச் சுற்றியது. ஏலம் விட்டவர் கமிட்டிச் செயலர், பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் வணிகவியல் பேராசிரியர்.

"என்னங்க ஃபிசிக்ஸ்காரங்களே, கத்திரிக்காய் விலைக்குப் பூசணி கேக்குறீங்க? கையத் தூக்குங்கப்பா! ராம்ப் என்ன தானா முளைக்குமா?"

முன்வரிசையில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேண்டிய தொகை அன்றே சேர்ந்தது. மறுநாளே வேலையைத் தொடங்கியிருக்கலாம்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கல் இல்லாமல் எதுவும் தொடங்காது. பெயர் பொறித்த கல், அதற்கொரு திரை, திரையை விலக்கப் பேராயர். அவர் வரும் ஞாயிறுக்காகக் காத்திருந்தோம். படிக்கட்டின் இடப்பக்கம், போட்டோவுக்கு நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, சிறு மேடை கட்டிக் கருங்கல்லைப் பதித்தார்கள். பொறியாளரை யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் பொறியாளர் வரைபடத்தோடு வந்து நின்றார். சாய்தளம் தரையைத் தொட வேண்டிய இடத்தில் கல் இருந்தது. வலப்பக்கம் முழுக்கச் சாக்கடை மூடிகள். அங்கே கட்ட முடியாது.

"கல்ல கொஞ்சம் தள்ளி வெச்சா முடிஞ்சுது சார்" என்றேன் கமிட்டியில்.

செயலர் பதறிப்போனார். "பிரதர், ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை பண்ண கல்லு! பேராயர் கையெழுத்து இல்லாம தொடக்கூடாது. ரூல் இருக்கு."

"எந்த ரூல் சார்? எங்க இருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. சொல்ப, கொஞ்சம் பொறுங்க பிரதர்."

பேராயர் அலுவலகத்துக்கு எழுதினோம். அவர் பயணத்தில் இருந்தார். பிறகு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் வந்தன. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்பேன். ஒவ்வொரு முறையும் "ஜெபத்துல வெச்சுக்குவோம்" என்று சொல்லித் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள்.

வழியனுப்பு ஆராதனையன்று அவள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திப் பையன்களுக்காகக் காத்திருந்தாள்.

"சார், நீங்கதான் எல்லாத்துக்கும் தேதி போட்டு வெப்பீங்களே. நான் உருண்டு போன தேதின்னு ஒண்ண இப்பவே எழுதிடுங்க. ராம்ப்ப மெதுவா கட்டிக்கட்டும்."

பையன்கள் வந்து தூக்கும்போது சக்கரம் கல்லில் இடித்தது. "டேய், பாத்துடா! பிரதிஷ்டை பண்ண கல்லு" என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே அவளை மேலே கொண்டுபோனார்கள். அதுதான் கடைசித் தடவை.

கல் இன்னும் அங்கேயே இருக்கிறது. எங்கள் நூலகத்திலுள்ள சபைச் சட்டப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். அப்படியொரு விதி என் கண்ணில் படவில்லை. அது பழைய பதிப்பு, புதியதில் சேர்த்திருக்கிறார்கள் என்கிறார் செயலர். புதிய பதிப்பை நான் பார்த்ததில்லை. தான் பார்த்ததாக அவரும் சொல்லவில்லை. ஆகவே விதி உண்டா இல்லையா என்பது, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படவில்லை.