இருளப்பன் கழற்றிய ஸ்டீரிங் பெட்டி

இருளப்பன் காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுவான். பிற்பகலில் இலங்கையின் புளத்கொகுபிட்டிய நகரக் கடைக்காரர் பொன்னுத்துரையின் வாடகைக் காரை ஓட்டுவான். காருக்கு வயது நாற்பதுக்கு மேல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அவனை அதட்டும் கங்காணிகூட, அந்தக் காரில் ஏறினால் "டிரைவர்" என்றே அழைப்பார். அந்த ஒரு சொல்லை இழக்க அவனுக்கு மனமில்லை.

1994ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஸ்டீரிங் தளர்ந்தது. கால் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் திரும்பவில்லை. காரை உருட்டிக்கொண்டு வந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே நிறுத்தினார்கள்.

"ஞாயித்துக்கிழம பழைய இரும்பு லொறி வருது, இருளப்பா. அதுக்குள்ள சரியாகலன்னா ஏத்தி விட்டுருவேன்," என்றார் பொன்னுத்துரை.

கோளாறு ஸ்டீரிங் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை வெளியே எடுக்க வேண்டுமானால், அதன் தண்டில் இறுகியிருந்த இரும்புக் கையை முதலில் உருவ வேண்டும். நட்டு கழன்றது, கை அசையவில்லை.

"ரெண்டு அடி போட்டா வந்துரும், மச்சான்," என்று சுத்தியலை நீட்டினான் கராஜ்காரன் றஊப்.

"உள்ள பல்லு ஒடஞ்சா வேற பெட்டிக்கு எங்க போறது, பாஸ்? ஒங்க புல்லரக் குடுங்க, மெதுவா இழுத்தே கழட்டுறேன்," என்றான் இருளப்பன்.

மரத்தில் புதிய பட்டையைத் திறக்குமுன் கோடு கீறுவது பால் வெட்டுவோர் வழக்கம். இருளப்பனும் தன் வெட்டுக்கத்தியின் முனையால் தண்டையும் இரும்புக் கையையும் சேர்த்து ஒரு கோடு கீறினான். மீண்டும் பூட்டும்போது இடம் மாறக் கூடாதல்லவா? பின்பு புல்லரை மாட்டி, அரைச் சுற்று முறுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு எழுந்தான். ஆழ வெட்டினால் மரம் கெடும் என்று இருபது ஆண்டுகளாக அறிந்த கை அது. வேலைக்குப் போகுமுன் அரைச் சுற்று. வந்தபின் அரைச் சுற்று.

"மூணு நாளா அந்த இரும்புகிட்டயே குசுகுசுன்னு பேசுறீங்க," என்றாள் மனைவி மூக்காயி. "எங்கிட்ட இப்பிடிப் பேசியிருந்தா நான் எப்பயோ எளகியிருப்பேன்."

"நீயா? ஒனக்கு எந்தப் புல்லரும் பத்தாது!"

வெள்ளிக்கிழமை பொன்னுத்துரை பொறுமையிழந்தார். றஊப்பின் சுத்தியலைத் தாமே பிடுங்கிக் குனிந்தார். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த இருளப்பன், இரும்புக் கையின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"அடிங்க, மொதலாளி. எங் கை மேலயே அடிங்க."

"பைத்தியக்காரா, கைய எடுடா!"

"நாளைக்கு வரைக்கும் தவண குடுங்க. எடுக்கிறேன்."

பொன்னுத்துரை சுத்தியலைக் கீழே போட்டார்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. ஈர மரத்தில் பால் வெட்டு இல்லை. இருளப்பன் சாக்கை விரித்துப் படுத்து, அரைச் சுற்று முறுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம். இரும்புக் கை கழன்று அவன் நெஞ்சின்மேல் விழுந்தது. வலியில் அவன் போட்ட கூச்சலுக்கு லயமே எட்டிப் பார்த்தது.

பெட்டியை அவனும் றஊப்பும் தூக்கிச் சென்று திறந்தனர். பல் ஒன்றும் உடைந்திருக்கவில்லை, தண்டு சுழலத் தாங்கும் குண்டுவளையமான போல்பெயாரிங்தான் தேய்ந்திருந்தது. றஊப் வேறொன்றைப் போட்டு அடைத்தான். மாலையில் கீறல்கள் இரண்டும் ஒரே கோடாக நேர்பட, இரும்புக் கையைப் பூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரும்பு லொறி வந்து பாதையில் நின்றது.

"கார் எக்க கோ?" என்று, கார் எங்கே எனச் சிங்களத்தில் கேட்டுத் தலையை நீட்டினான் லொறிக்காரன்.

வழியை மறித்து நின்ற காருக்குள் இருளப்பன் அமர்ந்திருந்தான். ஸ்டீரிங்கை ஒடித்துப் பாதையோரம் ஒதுங்கி, லொறி திரும்பிப் போக இடம் கொடுத்தான்.

"டிரைவர்," என்றார் பொன்னுத்துரை, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டே, "கரவனெல்லைக்கு விடு."