என் இரத்தம் என் தம்பியோடு போட்ட சண்டை

என் தம்பியின் தோலை உரித்தது என் இரத்தம்தான். சகோதரிகளே, இதை மறைத்துவிட்டு என் துஆ கபூலாகி ஏற்கப்பட்டதை மட்டும் சொன்னால் நான் பொய்க்காரி.

நான் சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. உம்மா மௌத்தான பிறகு தம்பி ரிஸ்வானை வளர்த்தவள் நான். அவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்றதும் நொறுங்கிப்போனேன். பொருத்தமான ஒருவரின் எலும்பு மச்சையை ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். "என்னுடையது பொருந்தட்டும், யா அல்லாஹ்" என்று கேட்டேன். பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொழும்பில் ஏற்றினார்கள். இரத்தத்தை உண்டாக்கும் என் கலங்கள் அவன் எலும்புக்குள் குடியேறின. சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெயில் படவே கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

நோன்புப் பெருநாள் வந்தது. எங்கள் ஊரில் பெருநாள் தொழுகை கடற்கரையில்.

"நான் வீட்டிலயே தொழுறன், ராத்தா" என்றான் தம்பி.

"ஊரே உனக்காக துஆக் கேட்டிருக்கு மனே. உன்ன ஒருக்காக் கண்ணால பாக்கட்டுமே" என்றேன்.

நன்றி சொல்லத்தான் போகிறோம் என்று நினைத்தேன். உண்மையில் அவனைக் காட்டப் போனேன். என் துஆவை ஊருக்குக் காட்டப் போனேன். தொழுகை முடிந்த பிறகும் ஒவ்வொருவராக வந்து ஸலாம் சொல்ல, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மணலில் நின்றான். வெயில் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் உள்ளங்கை சிவந்தது. பிறகு கழுத்து, முதுகு. வெயிலில் வந்த வேர்க்குரு என்று சந்தனம் அரைத்துப் பூசினேன். நல்ல விஞ்ஞான ரீச்சர்! தோல் கொப்புளித்து உரியத் தொடங்கியது. வயிற்றோட்டம் நிற்கவே இல்லை. அம்புலன்ஸில் கொழும்புக்கு ஓடினோம்.

டொக்டர் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வெயில் சுட்ட தோல் ஆபத்து எண்டு கத்தும். அந்தச் சத்தத்துக்கு உங்கட கலங்கள் ஓடி வரும். அதுகளுக்கு உங்கட தம்பிட உடம்பு அந்நியம். அடிக்கத் தொடங்கும். அடிபட்ட இடம் இன்னும் கத்தும், இன்னும் கலங்கள் வரும்" என்றார். "வெயில் இல்லாட்டியும் இது வந்திருக்கலாம்" என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை.

வெண்குருதிக் கலங்கள் நம்மைக் காக்கும் படைவீரர்கள் என்று எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன். இது என் படை.

முதல் மருந்து கேட்கவில்லை. இன்னொன்றைத் தொடங்கினார்கள். தொழுவதற்கு முஸல்லாவை விரித்து உட்கார்ந்தால் எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்டதைத்தானே அல்லாஹ் தந்தான், இனி எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் விழுந்தேன். "அந்தக் கலங்களும் உன் படைப்புத்தான் ரப்பே. அவற்றை அடக்கு. என் பெருமையையும் சேர்த்து அடக்கு." அவ்வளவுதான் கேட்டேன்.

ஐந்தாம் நாள் வயிற்றோட்டம் குறைந்தது. பிறகு கஞ்சி குடித்தான். மருந்து கேட்டுவிட்டது என்றார்கள். ஓம், கேட்க வைத்தவன் அல்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

முழுச் சுகம் இல்லை. விரல்களில் தோல் இறுகிவிட்டது. கண்ணீர் சுரக்கும் இடத்தையும் என் கலங்கள் அழித்துவிட்டன. மருந்துத் துளி விட்டால்தான் கண்ணைத் திறப்பான். ஆனால் புற்றுநோய் திரும்பவில்லை. அது திரும்பாமல் காவல் காப்பதும் அதே கலங்கள்தானாம்.

சகோதரிகளே, கை ஏந்துங்கள், அல்லாஹ் வெறுங்கையோடு விடமாட்டான். டொக்டரின் சொல்லையும் அவன் அனுப்பிய உதவியாக எடுங்கள். கிடைத்ததை ஊருக்குக் காட்ட ஓடாதீர்கள். நான் இப்போது அறைக்குள்தான் நன்றி சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன்ட இரத்தம் இல்லாட்டி நான் எப்பவோ மையத்து" என்றான். உதடு நடுங்கியது, முகம் கோணியது. கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

"அழுகை வருது ராத்தா, தண்ணிதான் வருதில்ல. எனக்கும் சேத்து நீயே அழு."

அழுதேன், இரண்டு பேருக்குமாக.