பட்டியலில் விட்டுப்போன மகன்

செவ்வாய்க்கிழமை காலை, கடையின் இரும்புக் கதவை முதலாளி இன்னும் முழுதாக மேலே தூக்கவில்லை. அவருடைய கைபேசி அடித்தது. பாதி திறந்த கதவின் அடியில் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்த பிறகும் நிமிரவில்லை. "இராமையா போயிட்டாராம். தூக்கத்துலயே" என்றார். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் கடைக்கு வெளியிலேயே நின்றோம். எதிர்வரிசைப் பூக்கடையில் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் போடலாம் என்று அவருடைய மகள் கவிதா அக்கா சொன்னார். என்னை அங்கே இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டார். பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரை என்னைவிட நீண்ட காலமாக அறிந்தவர்கள். எனக்குத் தெரிந்தது கடைசி இரண்டரை ஆண்டுகள் மட்டும்தான்.

லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, நாளிதழில் போடும் மரண அறிவிப்பு எல்லாம் இங்கே தயாராகும். அவற்றை வடிவமைப்பது இராமையா அங்கிளின் வேலை. உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு நான் இங்கே எழுத்துக் கோக்க வந்தேன். முதல் வாரம் முழுதும் நான் வாய் திறக்காததைப் பார்த்து, "நீ பேசறதைக் கேக்க டிக்கெட் வாங்கணும் போல. எந்தக் கவுண்டர்ல விக்கிறாங்க லா?" என்று கேட்டார். நான் விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு பேசச் சொல்லி அவர் வற்புறுத்தியதே இல்லை. தான் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மரண அறிவிப்பில் பெயர் வரிசை பெரிய விஷயம் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேர் தகப்பனாரின் அறிவிப்புக்காக வந்து, தங்கள் மனைவிமாரில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று கடையிலேயே முறைத்துக்கொண்டார்கள். அங்கிள் இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். "பேப்பர்ல ஒரே வரியில நின்னுட்டா, வீட்டுல நிக்கிறதுக்கு ரொம்ப நாள் ஆகாது" என்றார். அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் சேர்ந்துதான் தே தாரிக் டீ குடிக்கப் போனார்கள்.

தன் கதையை அவர் ஒரு மதிய வேளையில், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அவருடைய அப்பா கோவிந்தன், அம்மா அஞ்சலையை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர். பிள்ளை பிறந்து மூன்று வருடத்தில் அவர்களை விட்டுவிட்டு, தன் வீட்டார் பார்த்த பெண்ணோடு போய்விட்டார். அங்கிள் தொடக்கப்பள்ளி ஐந்தில் படிக்கும்போது, அப்பா இறந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. "கூடப் படிச்ச பசங்க எல்லாம் எங்க அத்தை, எங்க அத்தைன்னு சொல்வானுங்க. லீவுக்குப் போவானுங்க. அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு ஆளு இல்ல" என்றார். அம்மாவும் காலமான பிறகுதான் அவர் தேட ஆரம்பித்திருந்தார். அப்பாவைப் பெற்றவர்கள் யார், எந்த வேலை செய்தார்கள், இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள், இரத்த உறவில் இன்னும் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. கடையில் திரையில் பெரிதாக்கி வேலை செய்வார், சின்ன எழுத்து தெரியாது. அதனால் விடுமுறை நாள்களில் என்னையும் நூலகத்துக்குக் கூட்டிப்போவார். பழைய நாளிதழ்களைப் படச்சுருளாக வைத்திருக்கும் மாடி அது. நான் கைப்பிடியைச் சுற்றுவேன், மரண அறிவிப்புகளை மெல்லிய குரலில் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் தொடக்கப்பள்ளி ஐந்தில் இருந்த அந்த ஒரு வருடத்துத் தாள்களை முடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

ஒரு நாள் அது கிடைத்தது. கோவிந்தன், வீராசாமியின் மகன். வயதும் போட்டிருந்தது. மனைவி பெயர் இருந்தது. மகன் மணியம் என்று இருந்தது. தங்கை பாக்கியம் என்று இருந்தது. அஞ்சலை இல்லை. இராமையா இல்லை. நான் படித்து முடித்ததும், "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். விரல் விட்டு எண்ணியபடி, "தாத்தா பேரு வீராசாமி. எனக்கு ஒரு தம்பி இருக்கான், ஒரு அத்தை இருக்காங்க. ஒரே நாள்ல மூணு பேரு" என்றார். தன் பெயர் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து அத்தையைத் தேடினார். உயிரோடு இருக்கிறவர்களைத் தேட வழி தெரியவில்லை; அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலைக் கணினியில் பார்க்க முடியும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயரும் அப்பா பெயரும்தான். பாக்கியம், வீராசாமியின் மகள் என்று ஒரே ஒரு பதிவு வந்தது. சுவா சூ காங் இடுகாட்டில், எத்தனையோ வருடங்களுக்கு முன்பு அடக்கம். நாங்கள் பேருந்தில் போனோம். அவர் முழங்காலிட்டுப் புல்லைப் பிடுங்கி, இரண்டு முழம் மல்லிகையை அந்தக் கல்லின் மேல் வைத்தார். கல்லில் இறந்த ஆண்டும் வயதும் இருந்தன. திரும்பி வரும் வழியில் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாக்கியம் கோவிந்தனைவிட ஆறு வயது மூத்தவர். அறிவிப்பிலோ தங்கை என்று இருந்தது. பக்கத்து இருக்கையில் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த வாரமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் தன் அப்பாவுக்கு ஒரு நினைவஞ்சலி தயாரித்தார். மற்றவர்களுக்கு எத்தனையோ செய்தவர், அதை மூன்று நாள் செய்தார். அம்மா அஞ்சலையின் பெயர் முதன்முதலாக அப்பா பெயருக்குக் கீழே வந்தது. மூத்த மகன் இராமையா. மணியத்தின் பெயரையும் அவருடைய அம்மா பெயரையும் விடவில்லை. 'தங்கை காலஞ்சென்ற பாக்கியம்' என்று கோத்தது என் கை. தொடர்புக்குக் கடையின் முகவரியும் எண்ணும் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒரு டாக்சி சந்து முனையில் நின்றது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கையில் ஊன்றுகோல், பிளாஸ்டிக் பையில் சுருட்டிய நாளிதழ். கடைக்குள் வந்து, "இதுல என்னைச் சாகடிச்ச ஆளு யாரு?" என்று கேட்டார். முதலாளி தாள்கட்டு எடுப்பதுபோல உள்ளே போய்விட்டார். நான் கையை மட்டும் அங்கிள் நின்ற இயந்திரத்தின் பக்கம் நீட்டினேன். அங்கிள் விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான்தான் பாக்கியம். நேத்து விடிஞ்சதுலேர்ந்து போன் மேல போன். பக்கத்து பிளாக்குலேர்ந்து ஒரு பொண்ணு மாலையே வாங்கிட்டு வந்துடுச்சு. கதவத் தொறந்தா நானே நிக்கிறேன். அந்தப் பொண்ணு அழுவுது லா."

அங்கிள் துடைத்த துணியைக் கீழே வைத்தார். பிறகு, "அத்தை" என்றார்.

"இரு, இரு. முதல்ல நாற்காலி போடு. முட்டி வலிக்குது" என்றார் அவர்.

நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது நான். நாளிதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவர் வெகுநேரம் அஞ்சலை என்ற பெயரின் மேல் விரலை வைத்திருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே பேசினார். "அண்ணன் செத்தப்ப பேப்பருக்குப் பேரெல்லாம் சொன்னது நான்தான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். உங்கம்மா பேர மறக்கல. வேணும்னேதான் விட்டேன். உன் பேரையும்." நேற்று வந்த அறிவிப்பில் தன்னை உயிரோடு போட்டிருந்தால் வெட்கப்பட்டு வராமலே இருந்திருப்பதாகவும், சாகடித்ததால்தான் கோபத்தில் டாக்சி ஏறியதாகவும் சொன்னார்.

அங்கிள் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை வருடம் தேடியிருக்கிறார். அவர் தரையில், அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க என்னை விட்டீங்க. நான் உங்களைச் சாகடிச்சேன். சரியாப் போச்சு அத்தை" என்றார். அந்த அம்மா சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார்.

அன்று மாலை நான் அவரிடம் வயது ஒத்துவராததைச் சொன்னேன். எனக்கு அன்றைக்கே தெரியும் என்றும் சொன்னேன். "தெரிஞ்சும் சொல்லலையா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தத் தடவ நல்லதாப் போச்சு. எல்லாத் தடவையும் அப்படி ஆகாது பிள்ளை. அடுத்த தடவ சொல்லிடு" என்றார். நாங்கள் பூ வைத்துவிட்டு வந்த அந்த இன்னொரு பாக்கியத்தைப் பற்றி அத்தையிடம் சொன்னபோது, "அவளுக்கு யாரு இருக்காங்களோ இல்லையோ. வச்ச பூ வச்சதாவே இருக்கட்டும்" என்றாராம்.

அதன் பிறகு சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவோம். அத்தை சொல்லச் சொல்ல, அங்கிள் ஒரு நீல அட்டை நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார். அவர் எழுதாமல் விட்ட தேதிகளை நான் ஓரத்தில் குறிப்பேன். தாத்தா வீராசாமி பதினெட்டு வயதில் கப்பலில் வந்தார். சாலைக்குத் தார் போடும் கூலி. கூலியாட்கள் தங்கிய லயத்து அறையில் ஆறு பேருக்கு ஒரே ஒரு நல்ல சட்டைதான். கோயிலுக்குப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார். ஊருக்கு அனுப்ப ஸ்டூடியோவில் படம் எடுத்தபோதும் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே சட்டையில் எடுத்திருக்கிறார்கள். அதில் தாத்தாவின் படத்தை அத்தை பத்திரமாக வைத்திருந்தார். அங்கிள் அதைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, "தோள்ல லூசா இருக்கு. தாத்தா என்னை மாதிரி ஒல்லி" என்றார். அன்று பேருந்தில் திரும்பும்போது வழியெல்லாம் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தம்பி மணியத்தைத் தீபாவளிக்கு அத்தை வீட்டில் பார்த்தார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. ஒரே மாதிரி காதைச் சொறிந்துகொண்டார்கள் என்று கவிதா அக்காதான் சொன்னார். அக்காவுக்கு இந்த உறவில் முழு மனம் இல்லை. அஞ்சலை பாட்டியின் மடியில் வளர்ந்தவர் அவர்.

அங்கிள் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா கடைக்கு வந்தார். அறிவிப்பை நான்தான் கோக்க வேண்டியிருந்தது. மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். என் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது.

"பாக்கியம் அத்தை பேரு விட்டுப்போச்சு அக்கா" என்றேன்.

"விட்டுப்போகல. எங்க பாட்டிய விட்டவங்கதானே அவங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "அங்கிள் அவங்கள விடல அக்கா" என்றேன்.

அக்கா கைப்பையைத் திறந்து மூடினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "போடு. அத்தை பாக்கியம்னு போடு. மணியம் சித்தப்பா பேரையும் போடு" என்றார். அனுப்புவதற்கு முன்னால் நான் புக்கிட் பாத்தோக்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டிச் சரிபார்த்தேன்.

இராமையா அங்கிளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நீல நோட்டுதான். கவிதா அக்கா கொடுத்தார். ஸ்டூடியோப் படத்தோடு அங்கிளின் எழுத்து நிற்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து என் எழுத்து. போன சனிக்கிழமை நான் தனியாகத்தான் போகப்போகிறேன் என்று நினைத்தேன். பேருந்து நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அத்தை வீட்டில் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க பாட்டிய உங்களுக்கு ஏன் பிடிக்காமப் போச்சு?" என்று கேட்டார். பாக்கியம் அத்தை கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, அஞ்சலையை முதன்முதலில் எங்கே பார்த்தார், அவர் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். நான் புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே அஞ்சலை என்று எழுதி, கீழே கோடு போட்டேன். அன்று மட்டும் நான்கு பக்கம் வந்தது.