மாமாவுக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, மலையுச்சியில், ஓர் இராணுவ முகாம் இருக்கிறது. பெரிய முகாம் இல்லை. ஒரு தொடர்பாடல் கோபுரம், நான்கைந்து கட்டடங்கள், சுற்றிலும் கம்பி வேலி. வேலியில் ஒரு பலகை: படம் எடுப்பது தடை. சிறு வயதில் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியபோது, பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பலகைகளை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒருபோதும் மறைத்ததில்லை.

உயர்தரப் பரீட்சை முடித்து, கொழும்பில் ஊடகம் படித்துவிட்டு வந்து, ஒரு தமிழ் நாளிதழுக்குப் பிரதேச நிருபரானேன். உடப்புசல்லாவைப் பக்கத்தில் நடப்பவற்றை எழுதி அனுப்புவேன். என் பெயர் வராது, 'எமது நிருபர்' என்றுதான் வரும். அதனால் ஒன்றும் மறைந்துவிடாது. எங்கள் மலையில் நிருபர் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பீலித் தண்ணீரில் டீசல் வாடை வரத் தொடங்கியது. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொட்டுகிற தண்ணீர் அது. குடிப்பதும் குளிப்பதும் சமைப்பதும் அதில்தான். வாளியில் பிடித்து வைத்தால் மேலே நிறம் நிறமாக ஒரு படலம் மிதந்தது. பிள்ளைகளுக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்பு வந்தது. தோட்ட அலுவலகத்தில் கேட்டோம், முகாமில் கேளுங்கள் என்றார்கள். முகாம் வாசலில் கேட்டோம், பிரதேச செயலகத்துக்குப் போங்கள் என்றார்கள். செயலகத்தில் யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் என்னை உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். "அது பாதுகாப்பு விசயம், தங்கச்சி. எனக்கே ஒண்டும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லேலாது."

பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த முகாமின் சமையலறையில் கூலிக்கு வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தை மோந்து பார்த்தார்.

"இதுலயும் அடிக்குதேக்கா."

"மழத் தண்ணி புடிச்சு வச்சேன், தீந்துருச்சு. ஒனக்கு மட்டும் சீமையிலேருந்து தண்ணி கொண்டு வரணுமா?" என்றாள் அம்மா.

"அடிக்காம என்ன செய்யும்? மேல ரெண்டு எண்ணெத் தாங்கி பொதைச்சு வச்சிருக்காங்க. ஒண்ணு ஒழுகுது. மண்ணப் போட்டு மூடிட்டுப் பேசாம இருக்காங்க."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "எந்த எடத்துல மாமா?"

"பழைய கொழுந்து மடுவத்துக்கு மேல. ஊத்து வர்ற எடத்துல. வேலிக்கு வெளியதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "பேப்பர்ல போடப் போறியா?"

"போட்டா ஒங்க வேலைக்கு ஆபத்து வருமா?"

"எம் பேரு வராதுல்ல?"

"வராது. யாரு கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். நிருபருங்க அத சொல்லக்கூடாது."

"அப்பறம் என்ன, போடு. எம் பேரனும்தான் சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்கான்."

அடுத்த நாள் நானே ஏறிப்போய்ப் பார்த்தேன். முன்பு கொழுந்து நிறுத்த அந்த மடுவத்தின் தகரக் கூரை சரிந்து கிடந்தது. அதற்கு மேலே புதிதாகக் கொட்டிய மண்ணில் என் செருப்பு புதைந்தது. வாடை மூக்கை அடைத்தது. யார் நீ என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. திரும்பி வந்து எழுதினேன். பழைய கொழுந்து மடுவத்துக்கு மேலே, வேலிக்கு வெளியே, காவல் இல்லாத இடத்தில் தாங்கிகள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதினேன். கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும் என்றுதான் எனக்குக் கற்பித்திருந்தார்கள். செய்தி ஆசிரியர் தொலைபேசியில் பாராட்டினார். 'காவல் இல்லாத' என்ற சொற்களைத் தலைப்புக்கே கொண்டுபோனார்.

அந்த வாரமே முகாமில் வேலை தொடங்கியது. மண்ணைத் தோண்டினார்கள், ஒழுகிய தாங்கியை எடுத்தார்கள், ஊற்றின் பக்கம் வேலியை நீட்டி ஒரு காவல் கூண்டும் வைத்தார்கள். எங்கள் குழாயையும் புதிதாக மாற்றினார்கள். மாத முடிவில் தண்ணீரில் வாடை இல்லை. பெரட்டுக் களத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், அந்தப் பத்திரிகையை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டார்களாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்து மலையில் அவள் யார் யாரிடம் என்னென்ன சொன்னாள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

பிறகு எங்கள் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் நல்லது செய்தவருக்குத் திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்துவது வழக்கம். பரீட்சையில் சித்தியடைந்தபோது எனக்கும் போர்த்தினார்கள். மத்தியானம், அன்னதானப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, தோட்டத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார். நானும் மகிழ்ச்சியாகத்தான் மேடை ஏறினேன்.

"அடுத்ததா," என்றார் தலைவர், "நம்ம புள்ளைக்கு அந்த ரகசியத்த தைரியமா எடுத்துச் சொன்ன, முகாம்ல வேலை பாக்குற நம்ம அண்ணன மேடைக்கு அன்போட அழைக்கிறேன்!"

மாமாவின் பெயரையும் சொன்னார். மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி முகாம் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைவிட மோசமாக, பந்தியில் இரண்டு சிப்பாய்கள் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முகாமிலிருந்து ஆட்களை அழைப்போம், அவர்களும் வருவார்கள். தங்கள் சமையலறை ஆள் மேடை ஏறுவதைக் கண்டு இருவரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். எதற்காக என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்கள். அவர் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே நல்ல சிங்களத்தில் முழுவதையும் விளக்கினார். மாமா பொன்னாடையோடு மேடையில் நின்று கும்பிட்டார். பயமா வெட்கமா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பக்கத்தில் போய், "என்ன மாமா இது?" என்றேன். "விடு பாப்பா, சபையில கூப்பிட்டாங்க. வரலைன்னா மரியாதை இல்ல," என்றார்.

அம்மாவைத் திட்டினேன். "எங் கூடப் பொறந்தவன் நல்லது செஞ்சான்னு சொன்னேன். அதுல என்னடி தப்பு?" என்றாள். செய்தி மூலத்தைக் காப்பது என்றால் என்ன என்று விளக்கினேன். "நல்லது செஞ்சவன ஒளிச்சு வைக்கணுமா?" என்று கேட்டாள். என்னிடம் இருந்த விளக்கம் எல்லாம் படித்த விளக்கம். அவளிடம் அது எடுபடவில்லை.

சில நாட்களில் முகாமின் பொறுப்பதிகாரி ஜீப்பில் எங்கள் லயத்துக்கு வந்தார். பின் ஆசனத்தில் மாமா இருந்தார். அம்மா பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். தம்பிக்கு வேலை உயர்வு என்று அவள் நினைத்திருந்தாள். அதிகாரி என்னை 'நங்கி', தங்கச்சி, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார்.

"நங்கி, பிள்ளைகளுக்கு நோய் வந்தது பிழை. அதை எழுதினது சரி. ஆனா, காவல் இல்லாத இடம் என்று ஏன் எழுதினீங்க? அது தண்ணி குடிக்கிறவங்களுக்கா, இல்ல நெருப்புப்பெட்டியோட வாறவனுக்கா?"

"நாங்க கேட்டப்ப யாரும் பதில் சொல்லல, சேர்."

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

"வாசல்ல கேட்டோம்."

"வாசல்ல நிக்கிறவனுக்குப் பதில் சொல்ல அனுமதி இல்ல."

"அனுமதி இருக்கிறவங்கள எங்க பாக்கலாம்?"

"அத வெளியில சொல்லக்கூடாது," என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல் லேசாகச் சிரித்தார்.

பிறகு, யார் சொன்னது என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததுபோல, ஒரு நிருபர் தன் மூலத்தை வெளியிட மாட்டார் என்றேன். என் சிங்களம் சுத்தமாக வந்தது. அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"நங்கி, என் பொடியன்கள் அன்னதானத்துக்கு வந்திருந்தாங்க. கையும் தட்டினாங்க."

அதற்கு மேல் நான் எதைக் காப்பது? ஆனாலும் என் வாயால் பெயரைச் சொல்லவில்லை. அவரே ஒரு வழி சொன்னார். முகாமில் வேலை செய்யும் எவரும் தகவல் தரவில்லை என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால், மேலிடத்துக்கு அதை அனுப்பிவிட்டு அவர் பேசாமல் இருப்பார். மாமாவின் வேலை அப்படியே இருக்கும், விசாரணையும் வராது. கண்டதைக் கண்டபடி எழுதிய நான், மாமாவைக் காப்பாற்ற ஒரு பொய்யை எழுத வேண்டும். அதைக் கேட்டவர் கெட்டவராகவும் இல்லை. அவர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எழுதிருடி. ஒரு வரிதான?" என்றாள் அம்மா.

மாமா தலையை ஆட்டினார். "வேணாம் பாப்பா. அத்தன சனத்துக்கு முன்னால பொன்னாடைய வாங்கிக்கிட்டு, இப்ப நான் சொல்லலைன்னு சொன்னா என்னத்துக்கு ஆவும்? கோயில் பக்கமே போக முடியாது." பிறகு அதிகாரியிடம் திரும்பி, சமையலறைச் சிங்களத்தில், "நான்தான் சொன்னேன், சேர். தண்ணி நாறிச்சு," என்றார்.

மாமாவுக்கு வேலை போனது. பொலிஸில் ஒரு வாக்குமூலம் எடுத்துவிட்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று அனுப்பினார்கள். இன்னும் கூப்பிடவில்லை. செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார், பிறகு இதையும் செய்தியாக எழுதலாமே என்றார். எழுதினால் மேலிடத்தின் கோபம் கூடுமா, குறையுமா என்று அவருக்கும் தெரியவில்லை. 'காவல் இல்லாத' என்ற அந்த இரண்டு சொற்களையும் நீக்கி அந்த வாக்கியத்தை வாசித்துப் பார்க்கிறேன். தண்ணீர் குடிப்பவர்களுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் தடிப்பைக் கண்டு அசையாதவர்கள் அசைந்தது அந்த இரண்டு சொற்களால்தானே என்றும் தோன்றுகிறது. எது சரி என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

போன வாரம் பீலியில் நானும் மாமாவும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. அதிகாரி வேகத்தைக் குறைத்து, மாமாவிடம் சுகம் விசாரித்தார். மாமாவும் கையைத் துடைத்துக்கொண்டு சுகம் என்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

"நல்ல மனுசன்," என்றார் மாமா, ஜீப் போனதும். "கறியில உப்பு கூடிப்போனாலும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு."

"ஒங்கள பொலிஸுக்கு எழுதிக் குடுத்தது அவருதான், மாமா."

"ஆமா. அவரு வேலை அது." வாளியைத் தூக்கினார். பாதி தூரம் போய்த் திரும்பி நின்றார். "எப்பக் கூப்பிடுவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன். நீ படிச்சவதான?"

யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நான் என் குடத்தைப் பீலியின் கீழே வைத்தேன்.